புயல் கூண்டு எண்ணை மட்டும் பார்த்தால் போதுமா? துறைமுக எச்சரிக்கைச் சேவை குறித்து மதுரையிலிருந்து ஒரு மதிப்பீடு

ஐப்பசி பிறந்துவிட்டால், கப்பலூர் தொழிற்பேட்டையிலிருந்தும் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளிலிருந்தும் தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் அனுப்புகிறவர்கள் காலையில் கேட்கும் முதல் கேள்வி, துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதுதான். ஏற்றுமதிச் சரக்கை அனுப்பிவைக்கும் தொழிலில் இருப்பதால், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் துறைமுக எச்சரிக்கைச் சேவையை நான் ஆண்டுதோறும் நம்பியிருக்கிறேன். கட்டணம் ஏதும் வாங்காமல் நடக்கும் சேவைகளில் இவ்வளவு ஒழுங்கானது வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆயினும் இது கப்பலுக்காகவும் துறைமுகத்துக்காகவும் அமைந்த சேவை. கடலிலிருந்து வெகுதூரத்தில் இருந்துகொண்டு எண்ணை மட்டும் பார்ப்பவர், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1864 அக்டோபரில் கல்கத்தாவைச் சூறையாடிய புயலுக்குப் பிறகு, அடுத்த ஆண்டே அந்தத் துறைமுகத்துக்கென எச்சரிக்கை ஏற்பாடு ஒன்று தொடங்கியது. வானிலைத் துறை பிறந்ததே 1875-இல்தான். துறையைவிட எச்சரிக்கை மூத்தது. இன்று 1 முதல் 11 வரை எண்கள் உள்ளன. முதல் இரண்டும் தொலைதூர எச்சரிக்கைகள்: கடலில் வெகுதொலைவில் தாழ்வு மண்டலமோ புயலோ உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை, ஆனால் கிளம்பும் கப்பல் யோசித்துக் கிளம்ப வேண்டும் என்று பொருள். மூன்றாவதும் நான்காவதும் உள்ளூர் எச்சரிக்கைகள். 5, 6, 7 ஆகியவை அபாயத்தையும், 8, 9, 10 ஆகியவை கடும் புயலால் வரும் பேரபாயத்தையும் குறிக்கின்றன. எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துபோனால் ஏற்றுவது 11.

செய்தித்தாள் படிக்கிற நம்மில் பலரும் 5-ஐவிட 6 கொஞ்சம் மோசம், 6-ஐவிட 7 இன்னும் மோசம் என்றே எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் இந்த மூன்று எண்களும் புயலின் வலிமையைப் படிப்படியாகக் கூட்டிச் சொல்பவை அல்ல. புயல் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைச் சொல்பவை. புயல் செல்லும் பாதைக்கு இடப்புறத்தில் துறைமுகம் இருந்தால் 5, வலப்புறத்தில் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. பேரபாயத்துக்கான 8, 9, 10 ஆகியவற்றுக்கும் இதே வரிசைதான். நம் கிழக்குக் கரையில் புயல் பெரும்பாலும் மேற்கு நோக்கி வருகிறது. காற்று அதன் மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக வீசுகிறது. ஆகவே 5-ஆம் எண் ஏறிய துறைமுகம் மையத்துக்குத் தெற்கே நிற்கும். அங்கே காற்று தரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். 6 ஏறிய துறைமுகமோ மையத்துக்கு வடக்கே நிற்கும்; அங்கே காற்று கடல்நீரை வாரிக் கரைமேல் கொண்டுவரும். எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் கரையோரக் கிடங்கில் தரையில் அடுக்கிய பஞ்சுப் பொதி நனையுமா, தப்புமா என்பது அந்த ஒன்றில் இருக்கிறது. இவ்வளவு செய்தியை ஓர் எண்ணுக்குள் அடக்கியவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

எண் உயர உயரத் துறைமுகத்துக்குள் நடக்கும் வேலையைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பெரிய கப்பல்களைத் தளத்தில் கட்டி வைப்பதைவிட ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவதையே விரும்புகிறார்கள். கட்டிக் கிடக்கும் கப்பல் அலையில் எழும்பித் தளத்தின் மீதே மோதி, வடங்களையும் அறுத்துக்கொள்ளும். இயந்திரம் ஓடும் நிலையில் திறந்த கடலில் இருந்தால் காற்றுக்கு முகங்கொடுத்துச் சமாளிக்கும். தங்கியே ஆக வேண்டிய கப்பலுக்கு வடங்களை இரட்டிப்பாக்கி, அடித்தொட்டிகளில் நீர் நிரப்பித் தாழ்த்துகிறார்கள். கிரேன்களை நகராதபடி பூட்டிக் கட்டுகிறார்கள். கண்டெய்னர் அடுக்குகளின் உயரத்தைக் குறைக்கிறார்கள். அதிலும் முதலில் கவனிக்க வேண்டியது காலிப் பெட்டிகளைத்தான். நாற்பது அடிக் காலிப் பெட்டியின் எடை ஏறத்தாழ நான்கு டன்தான் என்பதால், அதன் அகன்ற பக்கத்தில் அடிக்கும் காற்று மேலடுக்கிலிருந்து அதைத் தள்ளிவிடக்கூடும்.

எச்சரிக்கை சரியாக இருந்தும் கப்பல் தயாராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2012 அக்டோபர் 31-ஆம் தேதி நீலம் புயலில் சென்னை பெசன்ட் நகர் அருகே தரைதட்டிய பிரதீபா காவேரி எண்ணெய்க் கப்பலே சாட்சி. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த அந்தக் கப்பல் காற்றில் இழுபட்டுக் கரைக்கு வந்தது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் கடலில் மாண்டார்கள், கப்பலிலேயே தங்கியவர்கள் பிழைத்தார்கள். புயல் வருவது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்த நாளில் நடந்த சாவுகள் அவை.

மீனவர்களுக்கு இந்தச் சேவை எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதில் எனக்குக் குறை உண்டு. பாம்பனில் துறைமுகக் கம்பத்தில் பகலில் ஏறும் கறுப்புக் கூம்பையும் உருளையையும், இரவில் எரியும் சிவப்பு, வெள்ளை விளக்குகளையும் பார்த்துத்தான் விசைப்படகுகளுக்கு இடையே இடைவெளி விட்டு, பக்கவாட்டில் டயர் தொங்கவிட்டு, கூடுதல் நங்கூரம் பாய்ச்சுகிறார்கள். வள்ளங்களை மேட்டுக்கு இழுத்துவிடுகிறார்கள். கரையில் இருக்கும் படகுக்கு இது போதும். 2017 நவம்பர் 29-ஆம் தேதி தாழ்வு மண்டலமாகத் தோன்றிய ஒக்கி, மறுநாளே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. பல நாள் மீன்பிடிப்புக்கு முன்பே கிளம்பிப் போயிருந்த குமரி மாவட்டப் படகுகளுக்குக் கரையில் ஏறிய கூண்டால் ஒரு பயனும் இல்லை. ஆழ்கடல் படகு ஒவ்வொன்றிலும் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவி வரும்வரை இந்தச் சேவை பாதிச் சேவையே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

மதுரைக்காரர்களுக்கான குறை வேறு. கூண்டு காற்றைப் பற்றியது, மழையைப் பற்றியது அன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது அங்கே புயல் எதுவும் கரைகடக்கவில்லை. தூத்துக்குடியும் சுற்றுப்புறமும் நாள்கணக்கில் வெள்ளத்தில் கிடந்தன. கம்பத்தை மட்டும் பார்த்து லாரியை அனுப்புகிறவருக்கு அப்படியொரு நாளில் எச்சரிக்கையே கிடைக்காது. மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என வரும் மழை எச்சரிக்கையையும் சேர்த்துப் பார்த்த பிறகே நான் வண்டிக்குச் சாவி கொடுக்கச் சொல்கிறேன். இலங்கை குறுக்கே நிற்பதால் தூத்துக்குடிக்குப் புயல் வராது என்று எங்கள் வட்டாரத்தில் சொல்லிக்கொள்பவர்களுக்கு, 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததையும், 1992 நவம்பரில் தூத்துக்குடி அருகிலேயே புயல் கரைகடந்ததையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

அறிக்கைகளின் தரத்தைப் பொறுத்தவரை, புயல் உருவான பின் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியாவதும், பாதையைத் தனிக் கோடாக மட்டும் காட்டாமல் விலகக்கூடிய எல்லையையும் சேர்த்து வரைவதும் நேர்மையான முறை. சென்னை மையம் தமிழிலும் அறிக்கை தருகிறது. அதில் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: 5-ஆம் எண்ணையோ அதற்கு மேலான எண்ணையோ ஏற்றும்போதெல்லாம், எந்தத் திசையிலிருந்து காற்று வரும், கடல்நீர் கரை ஏறுமா என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். துறைமுக அதிகாரிக்கு அந்த வரி தேவையில்லை. கிடங்கில் எந்தச் சுவரை ஒட்டிப் பொதிகளை ஏற்றி அடுக்குவது என்று கேட்டு எங்களுக்குப் போன் செய்கிற மேஸ்திரிக்குத் தேவை.