ரஷ்யாவின் கடைக்கோடி லீகுக்குக் காசு கட்டலாமா?

ரஷ்யாவின் அமெச்சூர் ஃபுட்பாலை நேரலையாகக் காட்டும் ஆப்புக்குச் சந்தா கட்டலாமா என்று கேட்டவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் ஓர் இடத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டிய வேலை உங்களுக்கு இருந்து, ஃபுட்பாலும் பிடிக்கும் என்றால் கட்டலாம். ராத்திரி கண் விழித்துப் பெரிய லீக் மட்டும் பார்ப்பவர்கள் அந்தக் காசுக்கு ஆம்பூர் பக்கம் போய் பிரியாணி சாப்பிட்டு வாருங்கள். ஆப்பின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன். உலகத்துச் சின்ன லீகுகளை எல்லாம் மூட்டை கட்டி விற்கிற ஆப்கள் நாலைந்து இருக்கின்றன, அதில் ஒன்று.

வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரயில் டிக்கெட்டும் போட்டுத் தருவேன். ஒன்பது மணிக்கு ஷட்டர் தூக்கினால் கூட்டம் வருவதும் ஓய்வதுமாக இருக்கும், கடையை விட்டு நகர முடியாது. இந்த நேரத்தில் நேரலையாக என்ன ஃபுட்பால் கிடைக்கும்? ஐரோப்பா தூங்கிக்கொண்டிருக்கும், தென் அமெரிக்கா ஆடி முடித்துப் படுத்திருக்கும். ரஷ்யாவின் தூரக்கிழக்கு முழித்திருக்கும். சகாலின் தீவில் மதியம் 3 மணி என்றால் நமக்குக் காலை 9:30. கபரோவ்ஸ்கில் 3 மணி என்றால் நமக்கு 10:30. பிளாகோவெஷ்சென்ஸ்க் என்று ஒரு ஊர், ஆமூர் ஆற்றுக்கு இந்தக் கரை, அந்தக் கரையில் சீனா தெரியும். அங்கே அதே 3 மணி ஆட்டம் நமக்கு 11:30. எனக்காகவே டைம்டேபிள் போட்ட மாதிரி இருந்தது, பணத்தைக் கட்டிவிட்டேன்.

எந்த லீக் என்று தெரியாமல் வாங்கிவிடாதீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரஷ்யாவில் மேலே பிரீமியர் லீக், 16 அணிகள். அதற்குக் கீழே ஃபர்ஸ்ட் லீக், அப்புறம் செகண்ட் லீக். இந்தச் செகண்ட் லீகை 2023-இல் ஏ, பி என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஏ பிரிவுக்குள்ளேயே கோல்டு, சில்வர் என்று இரண்டு குழு, பாதி சீசனில் சில அணிகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும், அந்த விதியை நான் இன்னும் முழுசாக மனப்பாடம் செய்யவில்லை. இதற்கெல்லாம் கீழேதான் நான் பார்த்தது. சம்பள ஆட்டக்காரர்கள் இல்லாத அமெச்சூர் லீக், நாட்டைப் பல வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றும் தனித்தனி சாம்பியன்ஷிப். மேலே இருக்கிற பெரிய லீகுகள் 2012-13இலிருந்து ஐரோப்பா மாதிரி கோடையில் தொடங்கி அடுத்த வசந்தத்தில் முடிக்கின்றன. கீழே இருக்கிறவர்கள் அந்த வம்புக்கே போகவில்லை. பனி கரைந்ததும் தொடங்குவார்கள், அடுத்த பனி விழுவதற்குள் முடிப்பார்கள்.

தூரக்கிழக்கு வட்டாரத்தில் அணிகள் குறைவு, ஊர்களுக்கு நடுவே தூரம் அதிகம். விளாதிவொஸ்தோக்கிலிருந்து கபரோவ்ஸ்க் போவதற்கே ஒரு ராத்திரி முழுக்க ரயில். சகாலின் தீவுக்கு விமானம், இல்லையென்றால் வானினோ துறைமுகத்திலிருந்து கப்பல். இந்தச் செலவில் ஒரு ஆட்டத்துக்காக யார் போவார்கள்? அதனால் சனிக்கிழமை ஆடிய அதே இரண்டு அணிகள் ஞாயிற்றுக்கிழமையும் அதே மைதானத்தில் ஆடுகின்றன. இதுதான் இந்தச் சந்தாவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முதல் நாள் தன் காலை வாரிவிட்டவனை மறுநாள் தேடிப்போய் மோதுவதையும், முதல் நாள் நாலு கோல் வாங்கிய கோல்கீப்பரை உட்கார வைத்துவிட்டு இன்னொரு பையனை இறக்குவதையும், அந்தப் பையன் பதற்றத்தில் தன் சொந்த டிஃபெண்டர் மேலேயே விழுவதையும் ஒரே வாரக் கடைசியில் பார்க்கலாம். பெரிய லீகில் பழி வாங்க நாலைந்து மாதம் காத்திருக்க வேண்டும்.

படம் எப்படி என்று கேட்பீர்கள். ஒரே ஒரு கேமரா, நடுக்கோட்டுக்கு நேராக ஸ்டாண்டில் நிற்கிறது. பந்து இந்தப் பக்கக் கோட்டுக்கு வந்தால் முன்வரிசை ஆள்களின் தலைதான் தெரியும். ரீப்ளே கிடையாது. கமென்ட்டரி சில ஆட்டத்தில் உண்டு, பல ஆட்டத்தில் காற்றுச் சத்தமும் யாரோ இருமுவதும்தான். ஒரு மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் வலையே கட்டவில்லை, அடி தப்பினால் பந்து ஓட்டப்பந்தயத் தடத்தைத் தாண்டி வேலியோரம் போய்விடும், கோல்கீப்பர் நடந்து போய் எடுத்து வருவார். தன் அணி ஜெயித்துக்கொண்டிருந்தால் ரொம்ப மெதுவாக நடப்பார். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, கோட்டை மைதானத்தில் மேட்ச் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பழகிய படம்தான்.

ஆட்டத் தரம் கலவை. உடம்பு பலம் இருக்கிறது, ஓடுகிறார்கள், கடைசி இருபது நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது. ஜூலை, ஆகஸ்ட்டில் அந்தப் பக்கம் நல்ல மழை; ரஷ்யா என்றாலே பனி என்று நினைத்திருந்த கடைப் பையன், "அண்ணா, இவங்களுக்கும் சேறுதானா?" என்று கேட்டான்.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளத்துக்காரர்களைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, எங்கள் தெருவில் போர்டே பெங்காலியில் இருக்கும். ரிப்போர்ட் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரையைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள். "தாதா (அண்ணா), எந்த டீம்?" என்று கேட்பார்கள். சகாலின் என்பேன். அதற்கு மேல் கேட்க மாட்டார்கள், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். பர்த்வான் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மனைவிக்கு ஸ்கேன் டோக்கன் வாங்கிவிட்டு வந்து, முதல் பாதி முழுக்க இடது பக்க டிஃபெண்டரான லெஃப்ட் பேக்கைத் திட்டிக்கொண்டே இருந்தார். இரண்டாம் பாதியில் அந்த லெஃப்ட் பேக்கையே மாற்றினார்கள். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கே சந்தா காசு சரியாகிவிட்டது.

சரி, திட்ட வேண்டியதைத் திட்டிவிடுவோம்.

நேரம்தான் பெரிய தொல்லை. ஆப் காட்டுவது மாஸ்கோ நேரம். நமக்கு மாஸ்கோ இரண்டரை மணி நேரம் பின்னால், கபரோவ்ஸ்க் மாஸ்கோவுக்கு ஏழு மணி நேரம் முன்னால். இதுகூடப் பழகிவிடும். ஆனால் சில ஆட்டங்களுக்கு மட்டும் உள்ளூர் நேரத்தை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். பட்டியலில் 8:00 என்று ஒன்றும் 15:00 என்று ஒன்றும் இருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிற ஆட்டம்! 15:00-ஐ மாஸ்கோ நேரம் என்று நம்பிச் சாயங்காலம் ஐந்தரைக்குத் திறந்தால், அங்கே எல்லோரும் குளித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும். கஸ்டமர் கேருக்கு எழுதினால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி வரும். ஒவ்வொரு முறையும் அதே வரி.

அடுத்தது பாயின்ட்ஸ் டேபிள். கோல் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் திடீரென்று ஒரு பிளஸ், ஒரு மைனஸ். விளக்கம் எங்கேயும் இல்லை. ஆடாமலே கொடுத்த வெற்றி அது. இந்த மட்டத்தில் காசு தீர்ந்துபோய் நடு சீசனில் விலகுகிற அணிகள் உண்டு. பாதி ஆட்டத்துக்கு மேல் ஆடியிருந்தால் மிச்ச ஆட்டங்களில் எதிரணிக்கு பிளஸ் போட்டுவிடுவார்கள், அதற்கு முன்பே விலகினால் ஆடியதையெல்லாம் அழித்துவிடுவார்கள். அப்படி அழித்த நாளில் ஆப்பில் ஒரு அறிவிப்பும் கிடையாது. இரண்டாம் இடத்தில் இருந்தவன் திடீரென்று நாலாவது. காசு விஷயத்தில் மேலே இருப்பவர்களும் பத்திரம் இல்லை என்பது வேறு கதை: 2018 மே மாதம் ரஷ்யக் கோப்பையையே ஜெயித்த தோஸ்னோ அணி அந்தக் கோடையிலேயே கலைந்துபோனது.

மூன்றாவது, சூதாட்ட விளம்பரம். இவ்வளவு சின்ன லீகை யாரோ மெனக்கெட்டுக் காட்டுவதற்கே பந்தயக்காரர்கள்தான் காரணம் என்று எனக்குச் சந்தேகம். காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்த பிறகும், கார்னர் கிக் எடுக்கிற நேரத்தில் பாதித் திரையை மறைத்து ஒரு கட்டம் குதிக்கிறது. மூடும் எக்ஸ் குறி எறும்பு அளவு. கடையில் ஸ்கூல் பிள்ளைகளும் நிற்கிறார்கள், எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இதே சந்தாவில் செகண்ட் லீக் ஆட்டங்களும் வருகின்றன, படம் நன்றாக இருக்கும், நேரம் நமக்குச் சாயங்காலம். ரோட்டர் வோல்கோகிராடு அந்த மட்டத்தில் ஆடிய சீசன்களை அப்போதே பார்க்காமல் விட்டோமே என்றிருக்கிறது. 1995-இல் மான்செஸ்டர் யுனைடெட்டை யூஃபா கோப்பையிலிருந்து வெளியே அனுப்பிய அணி, உலகக் கோப்பைக்காகக் கட்டிய 45,000 பேர் அமரும் ஸ்டேடியத்தில் மூன்றாம் மட்ட லீக் ஆடிக்கொண்டிருந்தது. 2024-இல் மேலே ஏறிவிட்டார்கள்.

வாங்குவதாக இருந்தால் வருடச் சந்தா எடுக்காதீர்கள். வட்டார லீக் வசந்தத்தில் தொடங்கி அக்டோபரோடு முடிந்துவிடுகிறது, குளிர்காலம் முழுக்க அந்தப் பக்கம் வெறும் பழைய ஆட்டங்கள்தான் கிடக்கும். மாதச் சந்தா எடுங்கள், ஆட்டோ பேவை முதல் நாளே யு.பி.ஐ. ஆப்பில் போய் நிறுத்திவிடுங்கள். இவர்கள் ஆப்பில் நிறுத்துகிற பட்டன் ரஷ்ய மொழியில் இருக்கிறது, சாம்பல் நிறத்தில், கடைசிப் பக்கத்தின் அடியில்.