முதலாண்டு எழுத்து வகுப்பு: கதையை வைத்து நடத்துவதா, வாதத்தை வைத்தா?

அமெரிக்காவில் ஆங்கில இலக்கியத்தில் பிஎச்.டி. சேர்கிறவருக்கு உதவித்தொகை பெரும்பாலும் சும்மா வருவதில்லை. பல இடங்களில் இரண்டாம் ஆண்டிலிருந்தும், சில இடங்களில் சேர்ந்த உடனேயும், முதலாண்டு இளங்கலை மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். பேராசிரியருக்கு உதவியாக உட்கார்ந்திருக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வகுப்பு நடத்துவது, டிராஃப்ட் திருத்துவது, கிரேடு போடுவது எல்லாம் இவர் தலையில்தான். எதிரே இருப்பவர்களில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டரோ உயிரியலோ பொருளாதாரமோ படிக்க வந்தவர்களாக இருப்பார்கள். இவர்களுக்கு எதை வைத்து எழுத்தைச் சொல்லிக்கொடுப்பது? கதை, கவிதையை வைத்தா, வாதங்களை வைத்தா?

இந்தச் சண்டை பழையது. 1993ல் 'காலேஜ் இங்கிலீஷ்' இதழில் எழுத்துக் கற்பித்தல் துறையைச் சேர்ந்த எரிகா லிண்டமனும் கேரி டேட்டும் எதிரெதிராக எழுதிய கட்டுரைகளை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். முதலாண்டு வகுப்பில் இலக்கியத்துக்கு இடமில்லை என்றார் லிண்டமன். மாணவர் மற்றத் துறைகளில் எழுதப்போகிற எழுத்துக்கு அது பழக்காது, வகுப்பில் ஆசிரியரே பேசிக்கொண்டிருப்பார் என்பது அவர் கவலை. எழுத்து வகுப்பு மற்றத் துறைகளுக்கு எடுபிடி வேலை பார்ப்பதற்காக இல்லை, மாணவருக்குக் கல்லூரிக்கு வெளியேயும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்றார் டேட். இரண்டு பேரும் மாணவரை மனதில் வைத்துப் பேசினார்கள். முதல் தடவை வகுப்பெடுக்கப் போகிற ஆய்வு மாணவரின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது.

இலக்கிய வழிக்கு நல்ல உதாரணம் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். அங்கே ஆர்1ஏ, ஆர்1பி என்று இரண்டு 'ரீடிங் அண்ட் காம்போசிஷன்' பாடங்களை மாணவர் முடிக்க வேண்டும். ஆங்கிலம், ஒப்பிலக்கியம் என்று பல துறைகள் இவற்றைத் தங்கள் பாணியில் நடத்துகின்றன. தலைப்பையும் நூல்களையும் பெரும்பாலும் ஆய்வு மாணவரே தேர்ந்தெடுக்கலாம். டிராஃப்ட், திருத்தம் எல்லாம் சேர்த்து ஒரு பருவத்தில் 32 பக்கமாவது மாணவர் எழுத வேண்டும் என்பது கணக்கு.

இதில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கதையை வைத்தே பார்க்கலாம். ஹெர்மன் மெல்வில் 1853ல் எழுதிய 'பார்ட்டில்பி'. வால் ஸ்ட்ரீட் வக்கீல் ஒருவர், தன் அலுவலகத்தில் நகலெடுக்க வைத்துக்கொண்ட ஆளைப் பற்றிச் சொல்கிறார். அந்த ஆள் ஒவ்வொரு வேலையாக, மரியாதை குறையாமல், மறுத்துக்கொண்டே போகிறான். முதல் டிராஃப்டில் பலர் கதைச் சுருக்கம் எழுதுவார்கள். இல்லையென்றால் "பார்ட்டில்பிக்கு மனச்சோர்வு" என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுவார்கள். இலக்கியம் படித்த ஆய்வு மாணவருக்குக் கை ஓடுகிற இடம் இதுதான். கதையைச் சொல்வது யார்? தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ள அவர் எங்கெல்லாம் மெனக்கெடுகிறார்? ஆளை வெளியே அனுப்ப முடியாமல் அலுவலகத்தையே வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு போகிறாரே, அதை எப்படி நியாயப்படுத்துகிறார்? டிராஃப்டின் ஓரத்தில் இப்படி மூன்று கேள்வி எழுதினால் போதும், இரண்டாவது டிராஃப்டில் ஒரு வாதம் தலைகாட்டும். அனுபவமில்லாத ஆசிரியருக்கு நல்ல கேள்வி கேட்கத் தெரிவது பெரிய பலம். தனக்குத் தெரிந்த நிலத்தில் நின்றால்தான் அது வரும்.

ஆபத்தும் அங்கேயேதான். தன் ஆய்வுத் தலைப்பையே சிலபஸ் ஆக்கிவிடுகிற ஆசை எல்லா ஆய்வு மாணவருக்கும் உண்டு. 300 பக்க நாவல் ஒன்றை வைத்தால் மூன்று வாரம் போய்விடும். அதில் பாதி நேரம் யார் யாருக்கு என்ன உறவு என்று தெளிவுபடுத்துவதிலேயே கழியும். எழுத்து வகுப்பு இலக்கிய வகுப்பாகிவிட்டது என்பது முதல் கட்டுரை கைக்கு வரும்போதுதான் தெரியும். நம் ஊரில் பகுதி-2 ஆங்கிலம் படித்துவிட்டுப் போகிறவர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். செய்யுளை ஆசிரியர் விளக்க, நாம் குறிப்பெடுக்க, தேர்வில் அதையே திருப்பி எழுதிய பழக்கம் லேசில் போகாது.

எதிர்த்தரப்புக்கு ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சொல்லலாம். ஆங்கிலத் துறையிலிருந்து 1990களின் தொடக்கத்தில் பிரிந்த ரெட்டரிக் (வாதத்தால் இணங்கவைக்கும் கலை) பிரிவு அங்கே முதலாண்டுப் பாடத்தை நடத்துகிறது. படிக்கக் கொடுப்பது வாதங்களை: யாருக்காக எழுதப்பட்டது, எதிராளியின் மறுப்பை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த வகை வகுப்புகளில் அடிக்கடி வருவது மார்ட்டின் லூதர் கிங் 1963ல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதம். எட்டு வெள்ளையின மதகுருமார்கள் வெளியிட்ட அறிக்கைக்கு அது பதில் என்பதால், மறுப்பும் பதிலும் எப்படி அமைகின்றன என்று வரிக்கு வரி காட்டலாம். இதைக் கற்றுக்கொண்டவர் நாளைக்கு ஒரு திட்ட அறிக்கை எழுதும்போதும் பயன்படுத்துவார். இந்த விஷயத்தில் ரெட்டரிக் தரப்பு முந்திக்கொள்கிறது, சந்தேகமில்லை.

ஆனால் லேபிள் ஒட்டும் வியாதியும் இந்த வழியில்தான் அதிகம். "இங்கே ஈத்தோஸ் இருக்கிறது, இங்கே பேத்தோஸ் இருக்கிறது" என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுப்பார்கள். ஈத்தோஸ் என்றால் பேசுகிறவர் மேல் வருகிற நம்பிக்கை, பேத்தோஸ் என்றால் கேட்பவரின் உணர்ச்சியைத் தொடுவது; இரண்டும் அரிஸ்டாட்டிலின் சொற்கள். கதைச் சுருக்கத்தைவிட இது பார்க்க நன்றாக இருக்கும், அதனாலேயே திருத்துவது கடினம். அரிஸ்டாட்டிலில் பயிற்சி இல்லாத இலக்கிய மாணவருக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் கை நின்றுவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: எழுத்தைப் பற்றிய ஆய்வுகளையே பாடமாக வைப்பது. டக்ளஸ் டவுன்ஸும் எலிசபெத் வார்டிலும் 2007ல் முன்வைத்தது. யோசனை நல்லதுதான். ஆனால் எழுத்தாய்வுத் துறையில் தேர்ந்த ஆசிரியர் இதற்கு வேண்டும். நாவல் ஆராய்ச்சிக்கு வந்தவரிடம் ஒரு வாரப் பயிற்சி கொடுத்து இதை ஒப்படைப்பது இரு தரப்புக்கும் அநியாயம்.

நேரக் கணக்குக்கு வருவோம். வழக்கமான நியமனம் வாரத்துக்கு 20 மணி நேரம். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவர் பருவ நாட்களில் வளாகத்தில் வேலை செய்ய அனுமதியும் அவ்வளவுதான். எழுத்து வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 பேர் இருந்தால் நல்லது என்கிறது கல்லூரி எழுத்து ஆசிரியர்களின் அமைப்பான சி.சி.சி.சி. 20 பேர் என்றே வையுங்கள். ஒரு டிராஃப்டுக்கு 20 நிமிடம் என்றால் 6 மணி 40 நிமிடம் திருத்தத்துக்கே போச்சு. அப்புறம் வகுப்பு, மாணவர் சந்திப்பு, மின்னஞ்சல். மிச்ச நேரத்தில் புது சிலபஸை வாராவாரம் உருவாக்க வேண்டியிருந்தால் சொந்த ஆய்வு பின்னால் போய்விடும். எல்லா வகுப்புக்கும் ஒரே பொது சிலபஸ் கொடுக்கிற இடங்கள் இந்தச் சுமையைத்தான் குறைக்கின்றன. பொது சிலபஸ் என்றாலே தொல்லையில்லாதது என்றும் சொல்ல முடியாது. 1990ல் இதே ஆஸ்டினில், பாகுபாடு பற்றிய நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்து ஒரு பொதுப் பாடத்திட்டம் போட்டார்கள். எதிர்ப்பு செய்தித்தாள் வரை போய், கடைசியில் அதை நிறுத்தி வைத்தார்கள்.

என் கணிப்பில், முதல் பருவத்துக்குப் பொது சிலபஸ் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளலாம், அது ரெட்டரிக்காகவே இருந்தாலும். சுதந்திரம் கிடைக்கிற இரண்டாம் ஆண்டில் இலக்கியத்துக்கு வரலாம், ஒரு நிபந்தனையோடு: மாணவர் படிக்கிற பக்கங்கள் எழுதுகிற பக்கங்களை ரொம்பவும் தாண்டக்கூடாது. பருவம் முழுக்க இரண்டு சிறுகதை, சில கவிதை போதும். மீதி வகுப்புகளில் மாணவரின் டிராஃப்ட்தான் பாடம்.

பெர்க்லியில் தெற்காசியத் துறையும் இந்த எழுத்துப் பாடத்தைத் தன் பங்குக்கு நடத்துகிறது, ஆர்5ஏ, ஆர்5பி என்ற பெயரில். அங்கே வகுப்பெடுக்கப் போகிற தமிழருக்குக் குறுந்தொகை மொழிபெயர்ப்பை வைக்கலாமே என்று தோன்றும். நான்கிலிருந்து எட்டு அடி, பக்கக் கணக்குக்குக் கச்சிதம். ஆனால் குறிஞ்சி, முல்லை, தலைவி, தோழி என்று விளக்க ஆரம்பித்தால் ஒரு வகுப்பு முழுக்க ஆசிரியர்தான் பேசுவார். திணை விளக்கத்தை ஒரு பக்கக் குறிப்பாக முந்தின நாளே கொடுத்துவிட்டு, வகுப்பில் பேசுவது யார், யாரிடம் என்று மட்டும் கேட்டு எழுதவிட்டால் அது நடக்கும்.