டல்லாஸா, பாஸ்டனா: இடத்துக்கு இடம் ஒரு பார்வை

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-யில் டல்லாஸும் பாஸ்டனும் மோதிய 2024 இறுதித் தொடர் நடந்தபோது மீன்பிடித் தடைக்காலம். மண்டபம் கரையில் விசைப்படகுகள் கட்டிக் கிடந்ததால் காலை ஆறு மணி ஆட்டங்களை நிதானமாகப் பார்க்க முடிந்தது.

ஆட்டத்தை நடத்துகிற பாயின்ட் கார்டு இடத்தில் டல்லாஸுக்குத்தான் என் ஓட்டு. லூக்கா டான்சிச் அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 33.9 புள்ளி எடுத்து லீக்கிலேயே முதலிடம். பாஸ்டனின் ஜூரூ ஹாலிடே தடுப்பில் கெட்டி, ஆனால் தனியாக ஆட்டத்தைத் திருப்புகிறவர் இல்லை.

எறிந்து புள்ளி சேர்க்கிற ஷூட்டிங் கார்டில் டல்லாஸின் கைரி இர்விங்கா, பாஸ்டனின் டெரிக் வைட்டா? பெயரைப் பார்த்தால் இர்விங். பாஸ்டனில் நடந்த முதல் இரண்டு ஆட்டங்களிலும் அவருக்குத் தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சு ஒன்றுகூட விழவில்லை. அலட்டாமல் இரண்டு பக்கமும் உழைத்த வைட்டையே நான் எடுப்பேன்.

தொடர் தீர்மானமான இடம் முன்வரிசை ஆட்டக்காரர்களான ஃபார்வர்டுகள். பாஸ்டனின் ஜேலன் பிரவுனுக்கு எதிரே டல்லாஸின் டெரிக் ஜோன்ஸ் ஜூனியர். பாஸ்டனின் ஜேசன் டேட்டமுக்கு எதிரே டல்லாஸின் பி.ஜே. வாஷிங்டன். டல்லாஸ் பக்கம் எடை கட்டவே இல்லை. டான்சிச்சை மறிக்கும் வேலையையும் பெரும்பாலும் பிரவுன்தான் சுமந்தார். தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்குப் போனதில் எனக்கு மனநிறைவு. டேட்டம் புள்ளி, ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடை போட உதவும் பாஸ்) மூன்றிலும் தன் அணியில் முதல்.

வளையத்தடியில் நிற்கிற சென்டர் இடத்தில் டல்லாஸின் டேனியல் காஃபோர்டுக்குக் குதிப்பு அதிகம். பாஸ்டனின் 38 வயது அல் ஹோர்ஃபோர்டு வெளியே நின்று எறிந்ததால் காஃபோர்டு வளையத்தடியை விட்டு வர வேண்டியதாயிற்று.

டல்லாஸ் வென்றது நான்காவது ஆட்டம் மட்டும், 122-84. நமக்கு அது ஜூன் 15 காலை, தடை முடிந்த அன்று.