தோல் புற்றுநோய்க்கு அனுசரணை: சன்ஸ்கிறீன் கம்பனியா, செருப்புக் கம்பனியா?

வெள்ளவத்தையில் ஒரு பாமசிக்குள் போய் சன்ஸ்கிறீன் கேட்டால், ‘இது போட்டால் கறுக்காது’ என்றுதான் எடுத்துத் தருவார்கள். தோல் புற்றுநோய் என்ற பேச்சே வராது. வெளிநாடுகளில் அப்படியில்லை, கம்பனிகளும் புற்றுநோய் அமைப்புகளும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். இங்கேயும் ஒருநாள் யாராவது தொடங்கப்போகிறார்கள் என்றால் எந்த வழியில் போகலாம் என்று இப்பவே பார்த்துவைப்பது நல்லது.

அமெரிக்காவில் 1979இல் தொடங்கிய ஸ்கின் கேன்சர் ஃபவுண்டேஷன் 1981 முதல் சன்ஸ்கிறீன்களுக்குப் பரிந்துரை முத்திரை கொடுக்கிறது. கம்பனி பரிசோதனை விவரங்களைக் கொடுக்கவேண்டும், அமைப்புக்குப் பணமும் கட்டவேண்டும். வாங்குகிறவருக்கு இது வசதிதான், முத்திரையைப் பார்த்து எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் மதிப்பிடப்படுகிறவரே பணம் கட்டுகிறார் என்பது எனக்கு உறுத்துகிறது.

அவுஸ்திரேலியாவின் கேன்சர் கவுன்சில் இன்னொரு படி போய் தன் பெயரிலேயே சன்ஸ்கிறீன் விற்கிறது, அதில் வரும் பணம் புற்றுநோய் வேலைக்குப் போகிறது. அழகான ஏற்பாடு, ஆனால் 2025இல் சொய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்கிறீன்களைச் சோதித்தபோது 16, போத்தலில் போட்டிருந்த எஸ்.பி.எஃப் அளவை, அதாவது வெயிலைத் தடுக்கும் அளவை, எட்டவில்லை, அந்த 16இல் கேன்சர் கவுன்சில் பெயர் தாங்கியவையும் இருந்தன. பெயரைப் பொருளில் ஒட்டிவிட்டால் பொருள் சறுக்கும்போது பெயரும் சேர்ந்து சறுக்கும்.

ஆராய்ச்சிக்கு மட்டும் பணம் சேர்ப்பது மூன்றாவது வழி. மெலனோமா என்பது தோல் புற்றுநோயில் ஆபத்தான ஒரு வகை. 2007இல் தொடங்கிய மெலனோமா ரிசேர்ச் அலையன்ஸ் அப்படித்தான், அழகுசாதனக் கம்பனியான லோரியல் பாரிஸ் அதன் பங்காளிகளில் ஒன்று. நல்ல வேலை. ஆனால் அங்கே கண்டுபிடிக்கும் மருந்து நம் ஆட்களின் கைக்கு எட்ட எவ்வளவு காலமாகும், என்ன விலையாகும் என்பது வேறு கதை.

எனக்கு மிகவும் பிடித்தது தன்சானியா. தோலில் நிறமி இல்லாமலோ மிகக் குறைவாகவோ பிறக்கும் அல்பினிசம் உள்ளவர்களுக்கு அங்கே வெயில்தான் எமன். மோஷி நகரில் அவர்களுக்காகவே கிலிசன் என்ற கிறீமைத் தயாரிக்கிறார்கள், பி.ஏ.எஸ்.எஃப் (BASF) என்ற ஜேர்மன் இரசாயனக் கம்பனி அதற்குத் துணை நிற்கிறது. யாருக்கு ஆபத்தோ அவர் கையில் பொருள் போய்ச் சேருகிறது, அதுவும் உள்ளூரிலேயே செய்து.

சரி, கொழும்பில் ஆபத்து யாருக்கு? வெயிலில் நின்றே உழைப்பவர்களுக்கும் அல்பினிசம் உள்ளவர்களுக்கும் சன்ஸ்கிறீன் வேண்டும், அதில் விவாதமில்லை. ஆனால் கறுத்த தோல்காரருக்கு மெலனோமா வந்தால் அது பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் வரும், அதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை. ஜமெய்க்காப் பாடகர் பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது, 1981இல் இறந்தபோது வயது 36.

என் மாமாவுக்குக் குதிக்காலில் ஒரு கறுப்பு. ஐந்து ரூபாக் குத்தி அளவு, ஓரமெல்லாம் ஈரத்தாளில் மை ஊறினமாதிரிக் கலைந்திருக்கும். பழைய முள்ளுக் காயம் என்று சொல்லிச் சொல்லி நல்லெண்ணெய் பூசிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அது தொடைஇடுக்கு நெறிக்கட்டி வரை போய்விட்டிருந்தது. எந்த சன்ஸ்கிறீன் விளம்பரமும் அவரைக் காப்பாற்றியிருக்காது. ‘காலைத் திருப்பிப் பாருங்கள்’ என்று யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும்.

அதனால்தான் கேட்கிறேன், இங்கே அனுசரணை கேட்டு ஏன் செருப்புக் கம்பனியிடம் போகக்கூடாது? ஊரே செருப்பைக் கழற்றி உட்காரும் இடம் செருப்புக் கடைதான். அளவு பார்க்கும் அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் சின்னக் கண்ணாடி ஒன்று, மேலே தமிழிலும் சிங்களத்திலும் நாலு வரி: புதிதாக வந்த கறுப்பு, பெருக்கும் கறுப்பு, நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கோடு, ஆறாத புண், இதில் ஒன்று இருந்தாலும் தோல் டொக்டரிடம் காட்டுங்கள். பெட்டி மூடியின் உள்பக்கத்திலும் அதையே அச்சடிக்கலாம், பெட்டி எப்படியும் அச்சாகத்தான் போகிறது.