ஃபெயில்2பேன்: வீட்டு லினக்ஸ் சர்வரில் எவ்வளவு நம்பலாம்?

தொலைவிலிருந்து சர்வரை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச்சின் 22-ஆம் போர்ட்டை வெளியே திறந்துவைத்த எந்த சர்வரிலும் லாகைப் (பதிவுக் கோப்பை) பார்த்தால், ரூட், அட்மின், டெஸ்ட் எனப் பெயரை மாற்றி மாற்றி யாரோ நுழையப் பார்ப்பது தெரியும். நம்மைக் குறிவைத்து வந்தவர்கள் அல்ல. இணையம் முழுக்கத் துழாவும் பாட்கள், அதாவது தானியங்கி நிரல்கள். இதற்கு எல்லோரும் கைகாட்டுவது ஃபெயில்2பேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ், பைத்தானில் எழுதியது. லாகைப் படித்து, 10 நிமிடத்துக்குள் 5 முறை தவறிய ஐபியை ஃபயர்வாலில் 10 நிமிடம் தடுத்துவைக்கும். இவை இயல்பான அளவுகள், மாற்றிக்கொள்ளலாம்.

டெபியன் 12-இல் நிறுவியதுமே சர்வீஸ் படுத்துவிடுவதுண்டு. அந்தப் பதிப்பில் லாகைக் கோப்பாக எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக வருவதில்லை. ஃபெயில்2பேன் தேடும் ஆத்.லாக் கோப்பே இருக்காது. எல்லாம் சிஸ்டம்டி ஜர்னலில் கிடக்கும். ஜெயில்.லோக்கல் என்று தனிக் கோப்பு உருவாக்கி, எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச் சேவை) பகுதியில் பேக்எண்ட் (லாகைப் படிக்கும் முறை) என்பதற்கு சிஸ்டம்டி என்று கொடுங்கள். பைத்தான்3-சிஸ்டம்டி பேக்கேஜும் இருக்க வேண்டும். ஜெயில்.கான்ஃப் கோப்பில் கை வைக்காதீர்கள், அப்கிரேடில் சிக்கலாகும். தடையிலிருந்து விலக்கு தரும் இக்னோர்ஐபி வரியில் வீட்டு நெட்வொர்க்கைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் வீட்டுக்காரரே வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

பெரிய ஓட்டை, செயலிகளைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில்தான். கன்டெய்னரின் போர்ட்டை வெளியே விட்டால், வரும் பாக்கெட் ஃபயர்வாலின் இன்புட் செயின் (விதி வரிசை) பக்கமே போகாது. முகவரி மாறி ஃபார்வர்ட் செயின் வழியாகப் போய்விடும். ஃபெயில்2பேன் தடை போடுவதோ இன்புட்டில். ஸ்டேட்டஸ் கேட்டால் ஐபி தடையில் இருப்பதாகக் காட்டும், அந்த ஆளோ தொடர்ந்து பாஸ்வேர்ட் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவியின் விதிகளும் இதே காரணத்தால் டாக்கர் முன் செல்லுபடியாவதில்லை. அந்தக் கன்டெய்னருக்கான ஜெயிலுக்கு (ஒரு சேவைக்கான தடை விதிகளுக்கு) மட்டும் செயினை டாக்கர்-யூசர் என்று மாற்றுங்கள். இதிலும் ஒரு பொறி உண்டு: வெளியே 8080, உள்ளே 80 என்றால், பாக்கெட் அந்தச் செயினுக்கு வரும்போது போர்ட் 80 ஆகிவிட்டிருக்கும். 8080-க்குப் போட்ட தடை பொருந்தாது. சொன்ன போர்ட்டுகளை மட்டும் தடுக்கும் மல்டிபோர்ட்டை விட்டுவிட்டு, எல்லாப் போர்ட்டையும் தடுக்கும் ஆல்போர்ட்ஸ் ஆக்‌ஷனைப் போடுவதே சரி.

ரிவர்ஸ் பிராக்ஸிக்குப் (வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் இடைச் சர்வருக்கு) பின்னால் நெக்ஸ்ட்கிளவுட் (சொந்த சர்வரில் கோப்புகளை வைக்கும் செயலி) ஓடினால், லாகில் பதிவாவது யாருடைய ஐபி என்று முதலில் பாருங்கள். பிராக்ஸியின் ஐபி என்றால் தடை விழுவதும் அதற்குத்தான், வீட்டில் யாருக்கும் எதுவும் திறக்காது. டிரஸ்டட் பிராக்ஸி அமைப்பில் அந்த ஐபியைச் சேர்த்தால் வந்தவரின் உண்மையான ஐபி பதிவாகும். நடுவில் கிளவுட்ஃப்ளேர் என்ற வெளி பிராக்ஸி சேவை இருந்தால் அதுவும் போதாது: பாக்கெட் அவர்கள் ஐபியிலிருந்துதான் வருகிறது, உள்ளூர் ஃபயர்வால் தடை எதையும் பிடிக்காது. அதற்கென்றே உள்ள கிளவுட்ஃப்ளேர் ஆக்‌ஷனைப் பயன்படுத்துங்கள்.

எஸ்எஸ்ஹெச்சுக்கு இதை ஒரு பாதுகாப்பாகவே கணக்கில் எடுக்கக்கூடாது. ஆயிரம் ஐபிகளிலிருந்து ஆளுக்கு இரண்டு முறை முயன்றால் 5 என்ற எண்ணை யாரும் தொடமாட்டார்கள். ஐபிவி6-இல் நிலைமை இன்னும் மோசம்: தடை ஒரே முகவரிக்கு, எதிராளியிடமோ ஒரு /64 தொகுதி முழுக்க, கோடானுகோடி முகவரிகள். பாஸ்வேர்ட் லாகினை மூடி, கீ (சாவிக் கோப்பு) மட்டும் வைப்பதே மருந்து. மூடியதாக நினைத்துவிட்டு விடாதீர்கள். எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி ஃபோல்டர் முதலில் படிக்கப்படுகிறது, முதலில் கிடைத்த மதிப்பே நிற்கும். உபுண்டுவில் முதல் அமைப்பைச் செய்யும் கிளவுட்-இனிட் போடும் கோப்பு அங்கே பாஸ்வேர்டுக்கு 'யெஸ்' சொல்லிக்கொண்டிருக்கலாம். எஸ்எஸ்ஹெச்டியைப் பெரிய டி ஆப்ஷனுடன் ஓட்டினால் நடப்பில் உள்ள அமைப்பு அப்படியே தெரியும்.

வீட்டார் மட்டும் புழங்கும் சர்வர் என்றால் வயர்கார்டு என்ற விபிஎன் போட்டு எஸ்எஸ்ஹெச் போர்ட்டை மூடிவிடலாம். சரியான கீ இல்லாதவருக்கு வயர்கார்டு பதிலே தராது. நெக்ஸ்ட்கிளவுட், பாஸ்வேர்ட் பெட்டகமான வால்ட்வார்டன் போன்ற லாகின் பக்கங்களை வெளியே வைத்தே ஆக வேண்டியவர்களுக்கு ஃபெயில்2பேன் கட்டாயம் வேண்டும். பேன்டைம் இன்கிரிமென்ட்டை ட்ரூ ஆக்குங்கள், திரும்பத் திரும்ப வருபவருக்குத் தடை நீளும். பிறகு மொபைல் டேட்டாவிலிருந்து வேண்டுமென்றே 5 முறை தவறாகப் போட்டு, ஆறாவது முறை பக்கமே திறக்காமல் போகிறதா என்று சோதியுங்கள். தடையை நீக்க அன்பேன்ஐபி கட்டளை இருக்கிறது.