3 பொயின்ட்டை மறைத்தது புரோக்கர், மாட்டினது நான்

லண்டனில் ஹரோ, வெம்பிளிப் பக்கம் "மலிவாக் கார் இன்சூரன்ஸ் போட்டுத் தாறன்" என்று சொல்லும் ஆட்களிடம் போகிறவர்கள் இதை ஒருக்கா வாசியுங்கோ. நான் போன ஆளின் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

2022 இல் 20 மைல் வலயத்தில் 29 இல் போய்க் கமராவில் பிடிபட்டேன். அதற்கு முந்தின வருஷம்தான் இதே பிழைக்கு, தண்டத்துக்குப் பதிலாகத் தரும் ஸ்பீட் கோர்ஸ் என்ற வகுப்புக்குப் போய் அரை நாள் இருந்துவிட்டு வந்திருந்தேன். மூன்று வருஷத்துக்குள் இரண்டாம் தரம் கோர்ஸ் தரமாட்டார்கள். ஆகவே 100 பவுண்ஸ் தண்டம், லைசென்ஸில் 3 தண்டப் பொயின்ட். எஸ்பி30, அதாவது வேக மீறலுக்கான குறியீடு என்று பதிந்தார்கள்.

2024 இல் இன்சூரன்ஸ் புதுப்பிக்க 1,100 பவுண்ஸ் கேட்டார்கள். ஒரு சாமத்திய வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பியபோதுதான் அந்தப் புரோக்கர் அண்ணையின் நம்பர் கிடைத்தது. லைசென்ஸைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "3 பொயின்ட் இருக்கு அண்ணை" என்றும் எழுதினேன். "அதை நான் பாக்கிறன் தம்பி, யோசியாதேங்கோ" என்று குரல்பதிவு வந்தது. 780 பவுண்ஸில் முடித்துத் தந்தார். அவருக்கு 60, கையில் காசாக. உண்மையைச் சொன்னால், 320 பவுண்ஸ் சும்மா குறையாது என்று எனக்கும் உள்ளுக்குள் தெரியும்.

ஈமெயிலில் 16 பக்கம் வந்தது. விலையையும் சேர்ட்டிஃபிக்கட்டையும் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது விஷயம், என் பெயரில் அவர் நிரப்பிய பதில்கள்: கடந்த 5 வருஷத்தில் போக்குவரத்துக் குற்றம் ஏதும் உண்டா? இல்லை. வேலை? ஒஃபிஸ் கிளார்க். நான் பேக்கரியில் வேலை செய்கிறேன்!

அந்த மார்கழி, மழை நாள். ரவுண்ட் எபவுட்டில் வலப்பக்கத்தால் வந்த காரைக் கவனிக்காமல் இறங்கிவிட்டேன். பிழை என்னுடையதுதான். ஆருக்கும் காயம் இல்லை. என்னுடைய டொயோட்டா யாரிஸ் திருத்த முடியாத நிலை.

கொம்பனி முதல் கிழமை தேனாகப் பேசியது. பிறகு லைசென்ஸ் கொடுக்கும் அரச நிறுவனமான டிவிஎல்ஏ தளத்தில் லைசென்ஸ் விபரத்துக்கான கோட் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், 21 நாள் செல்லுபடியாகும் கோட். மடியில் கனமில்லை என்ற நினைப்பில் உடனே அனுப்பினேன். பத்து நாளில் கடிதம் வந்தது. பொலிசி தொடங்கிய நாளிலிருந்தே செல்லாது, காருக்கு ஒரு சதமும் இல்லை, கட்டிய 780 உம் திரும்பாது. மற்றக் காரின் செலவைச் சட்டப்படி அவர்கள் கொடுத்துவிட்டு என்னிடம் அறவிடுவார்களாம். 2,900 பவுண்ஸ்.

இங்கே 2012 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொல்வது எங்கள் பொறுப்பு. கவனக்குறைவால் பிழைத்தால், சரியான பதிலுக்கு அவர்கள் கூடுதலாகக் கேட்டிருப்பார்கள் என்றால், கட்டியதற்கு ஏற்ற விகிதத்தில் நட்டஈடு தரவேண்டும். 1,000 கேட்டிருக்க வேண்டிய இடத்தில் 800 கட்டியிருந்தால் 80 வீதம். வேண்டுமென்றே சொன்ன பொய் என்றால் ஒன்றுமே இல்லை. என்னை இரண்டாவது பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். நான் பிடித்த புரோக்கர் என்னுடைய முகவராகக் கருதப்பட்டால் அவர் நிரப்பியதும் என் வாயால் வந்ததாகத்தான் கணக்கு.

இன்னொரு இடத்திலும் எங்கட ஆட்கள் சறுக்குகிறார்கள். எஸ்பி30 நாலு வருஷத்தில் லைசென்ஸிலிருந்து போய்விடும். ஆனால் கொம்பனிகள் பெரும்பாலும் 5 வருஷத்தைக் கேட்கும். "லைசென்ஸ் கிளீன்தானே" என்று நினைத்து, குற்றம் "இல்லை" என்று போடாதேங்கோ.

புரோக்கருக்கு அடித்தேன். "நீங்கள் வாசிச்சுப் பாத்திருக்க வேணும் தம்பி" என்றார். எரிச்சல் என்னவென்றால், அது சரி. பிறகுதான் இன்சூரன்ஸ் புரோக்கர்களுக்கு அனுமதி கொடுக்கும் எஃப்சிஏ என்ற அமைப்பின் பதிவேட்டில் அவரைத் தேடினேன். இல்லை. பதிவு இல்லாத ஆள் மீது, இப்படியான முறைப்பாடுகளை விசாரித்துத் தீர்க்கும் ஒம்புட்ஸ்மனிடம் முறையிடவும் வழியில்லை. பதிவேட்டில் தேட எனக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது. காசு கொடுக்க முன் தேடியிருந்தாலும் அதே இரண்டு நிமிஷம்தான்.

கொம்பனிக்கு முறைப்பாடு எழுதினேன். எட்டுக் கிழமைக்குள் மறுப்புக் கடிதம் வந்தது. இப்போது கேஸ் ஒம்புட்ஸ்மனிடம் இருக்கிறது. காசு கேட்பதில்லை, ஆனால் இறுதிக் கடிதம் கிடைத்து 6 மாதத்துக்குள் போகவேண்டும். "3 பொயின்ட் இருக்கு அண்ணை" என்ற அந்த வட்ஸ்அப் செய்தியின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். நான் மறைக்க நினைக்கவில்லை என்பதற்கு என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

இதற்கிடையில் வேறு கொம்பனிகளில் விலை கேட்டால், "உங்கள் பொலிசி எப்போதாவது செல்லாததாக்கப்பட்டதா?" என்று ஒரு கேள்வி வருகிறது. ஆம் என்று போடுகிறேன். சில இடத்தில் விலையே காட்டுவதில்லை, காட்டுகிற இடத்தில் 2,400. விடிய நாலு மணிக்குப் பேக்கரிக்கு நைட் பஸ்ஸில் போகிறேன்.

புரோக்கரின் நம்பர் இன்னும் வேலை செய்கிறது. போன கிழமை வேறு ஃபோனில் எடுத்தேன். "சொல்லுங்கோ தம்பி, என்ன கார்?" என்றார்.