செட்டிநாட்டுத் தளங்களில் புதிய சிஎஸ்எஸ்: மூன்று ஆண்டுப் புழக்கத்தில் நின்றதும் நழுவியதும்

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் இணையதளம் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் மூன்று வகை. பூர்வீக வீட்டைத் தங்கும் விடுதியாக்கியவர்கள், பூக்கல் (பூவேலைத் தரை ஓடு) பட்டறைக்காரர்கள், பலகாரக் கடைக்காரர்கள். மூன்று தளத்துக்கும் உயிர் ஒன்றுதான்: படம், பெயர், அளவு, விலை போட்ட கார்டு. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் புதிய வசதிகளை அந்தக் கார்டில் வைத்துப் பார்த்தால் எது உழைக்கிறது என்று தெரிந்துவிடும்.

முதல் இடம் சப்கிரிட்டுக்கு. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட்டின் வரிசைகளை, உள்ளே இருக்கும் கார்டும் பகிர்ந்துகொள்ள வைப்பது இது. 'சீப்புச் சீடை' ஒரு வரியில் அடங்கும். 'கருப்பட்டிப் பணியாரம்' இரண்டு வரி கேட்கும். பக்கத்துப் பக்கத்துக் கார்டுகளில் விலை ஏறி இறங்கி நிற்பது இதனால்தான். கார்டுக்கு கிரிட்-ரோ: ஸ்பேன் 4, டிஸ்ப்ளே: கிரிட், கிரிட்-டெம்ப்ளேட்-ரோஸ்: சப்கிரிட் என்று மூன்று வரி எழுதினால், பதித்த பூக்கல்லில் கோடு கோட்டோடு சேர்வதுபோல் விலைகள் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். உயரத்தை அளக்கும் ஜாவாஸ்கிரிப்டை அன்றைக்கே தூக்கிப் போடலாம்.

சறுக்கும் இடம் இரண்டு. தாய் கிரிட்டின் இடைவெளி சப்கிரிட்டுக்கும் இறங்கும். கார்டுகளுக்கு நடுவே 24 பிக்சல் வைத்தால் பெயருக்கும் விலைக்கும் நடுவிலும் அதே 24 வந்து உட்காரும். கார்டிலேயே ரோ-கேப் 4 பிக்சல் என்று தனியாக எழுத வேண்டும். அடுத்தது, சப்கிரிட் தானாகப் புது வரிசை உண்டாக்காது. ஸ்பேன் 4 கொடுத்த கார்டில் கடைக்காரர் ஐந்தாவதாக 'இருப்பு இல்லை' என்று ஒன்றைச் சேர்த்தால், அது விலையின் மேலேயே ஏறி நிற்கும். ஸ்பேன் 5 ஆக்கினால், அந்த வரி இல்லாத கார்டுகளில் வெற்று இடைவெளி மிஞ்சும். விலையையும் இருப்பையும் ஒரே டிவ்வுக்குள் (பொதுப் பெட்டிக்குள்) போடுவதுதான் கடைசியில் நிற்கிற வழி.

கன்டெய்னர் குவெரி விடுதித் தளங்களில் கைகொடுக்கிறது. ஒரே அறைக் கார்டு முகப்புப் பக்கத்தில் அகலமாகவும், உள்பக்கத்தின் ஓரப் பட்டையில் ஒடுக்கமாகவும் வரும். மீடியா குவெரிக்குத் திரையின் அகலம் மட்டுமே தெரியும். கன்டெய்னர் குவெரி கார்டுக்குக் கிடைத்த இடத்தைப் பார்க்கும். ஆனால் கன்டெய்னர்-டைப் எழுதிய உறுப்பு தன்னைத் தானே கேட்டு மாற்றிக்கொள்ளாது, உள்ளே இருப்பவைதான் மாறும். அதனால் கார்டுக்கு வெளியே ஓர் உறை கட்டாயம். அந்த உறை இன்லைன்-பிளாக்காகவோ, அகலம் சொல்லாமல் ஃப்ளெக்ஸ் வரிசைக்குள் இருக்கும் பிள்ளை உறுப்பாகவோ இருந்தால் அகலம் சுழியமாகிக் கார்டு நசுங்கிவிடும். ஃப்ளெக்ஸ் 1 அல்லது அகலம் 100 சதவீதம் கொடுத்தால் சரியாகும். கன்டெய்னர்-டைப்புக்கு, அகலத்தை மட்டும் பார்க்கும் இன்லைன்-சைஸ் போதும். சைஸ் என்று போட்டு உயரம் சொல்லாமல் விட்டால் உயரமும் போய்விடும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வெளி உறுப்பைத் தேர்ந்தெடுக்கும் ஹேஸ் செலக்டர் நல்ல வேலைக்காரன். படம் இல்லாத கார்டு, பிழை உள்ள படிவ வரி ஆகியவற்றுக்குக் கிளாஸ் ஒட்டும் வேலை மிச்சம். பாடி மீது வைத்து எல்லாவற்றையும் தேடாமல், கார்டு அளவில் நிறுத்தினால் போதும்.

விதிகளை அடுக்குகளாகப் பிரித்து எது எதை வெல்லும் என்று வரிசைப்படுத்தும் லேயரைப் பற்றி இணையத்தில் பேசுகிற அளவுக்குப் பயன் இல்லை என்பது நம் கணக்கு. லேயருக்கு வெளியே உள்ள சாதாரண விதி, லேயருக்குள் உள்ளதை எப்போதும் வெல்லும். அறை முன்பதிவுக்கு ஒட்டும் வெளியார் விட்ஜெட் தன் ஸ்டைலை ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் பக்கத்தில் நேராக இறக்கும். அதை லேயருக்குள் தள்ள வழியில்லை. போதாததற்கு, விதியை வலுக்கட்டாயமாக வெல்லவைக்கும் இம்பார்ட்டன்ட் வந்தால் லேயர்களின் வரிசை தலைகீழாகிவிடும்.

ஆங்கிலப் பாடங்கள் தொடாத பகுதி தமிழ் எழுத்து. பத்தி அகலத்துக்கு 65 சிஎச் என்று எல்லோரும் எழுதுவார்கள். சிஎச் என்பது எழுத்துருவின் 0 இலக்கத்தின் அகலம். ண, ஞ, ஊ எல்லாம் அதைவிட அகலம், ஆகவே வரிக்கு எழுத்துகள் குறையும். எழுத்துருப் பட்டியலில் முதலில் லத்தீன் எழுத்துரு இருந்தால் அளவு அதிலிருந்தே எடுக்கப்படும், தமிழோ வேறொன்றில் வரும். ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு) அலகில் 36 முதல் 40 வரை வைத்துக் கண்ணால் பார்த்து முடிவு செய்வது மேல். தலைப்புக்கு லைன்-ஹைட் 1.1 வைத்து ஓவர்ஃப்ளோவை மறைத்தால் 'ழு', 'கூ' ஆகியவற்றின் அடி வெட்டுப்படும், 1.4க்குக் கீழே இறங்கவே வேண்டாம். ஆங்கில டெம்ப்ளேட்டில் இருந்து வரும், எழுத்துகளை நெருக்கும் கழித்தல் லெட்டர்-ஸ்பேசிங்கைச் சுழியமாக்குங்கள்.

நீளச் சொல் கிரிட்டின் நெடுக்குப் பத்தியைப் பிதுக்குவது இன்னொரு தொல்லை. 1எஃப்ஆர் (மிஞ்சிய இடத்தில் ஒரு பங்கு) என்பதன் குறைந்தபட்சம் ஆட்டோ, உள்ளே உள்ள சொல்லுக்குக் கீழே சுருங்காது. மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) எழுதி, ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட் சேர்த்தால் போதும். பிரேக்-வேர்டுக்குப் பதில் எனிவேர் என்று விலைப் பட்டியல் டேபிளில் போட்டால் சில பத்திகள் ஓர் எழுத்து அகலத்துக்கு ஒடுங்கும்.

எந்த போனில் உடையும் என்பதுதான் கடைக்காரர் கேட்கிற கேள்வி. ஐபோன் 6எஸ், 7 இரண்டும் ஐஓஎஸ் 15ஓடு நின்றவை. அங்கே ஹேஸ் ஓடும். கன்டெய்னர் குவெரியும் சப்கிரிட்டும் ஓடாது, அவை சஃபாரி 16இல் வந்தவை. அந்த போனில் குரோம் நிறுவினாலும் உள்ளே இருப்பது சஃபாரியின் அதே இன்ஜின்தான். எனவே அடிப்படையை ஒற்றைப் பத்தியாக எழுதிவிட்டு, சப்கிரிட்டை, வசதி தெரிந்த பிரவுசரில் மட்டும் செயல்படும் சப்போர்ட்ஸ் விதிக்குள் வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 7இல் குரோம் 119தான் கடைசி. சப்கிரிட் 117இலேயே வந்துவிட்டதால் அது ஓடும். ஆனால் ஒரு விதிக்குள் இன்னொன்றை எழுதும் நெஸ்டிங்கில் & குறி இல்லாமல் எச்3, பி என்று டேக் பெயரை நேரே எழுதும் வசதி 120இல்தான் வந்தது. & போட மறந்தால் அந்த போனில் அந்த விதி மட்டும் சத்தமில்லாமல் விடுபடும், கன்சோலிலும் எச்சரிக்கை வராது.